காஸ்டில் அரசி ஹுவானாவைப் பைத்தியம் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த அயல்மொழித் திரைப்பட அறிமுகத்தை ஆர்வத்துடன் படித்தேன். ஸ்பானிய இயக்குநர் விசென்தே அராண்டா 2001-ஆம் ஆண்டில் இயக்கிய ‘ஹுவானா லா லோகா’ (‘பைத்தியக்கார ஹுவானா’) என்ற படத்தைப் பற்றிய கட்டுரை அது. தமிழில் அதிகம் பேசப்படாத ஒரு படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் கணவர் மீது கொண்ட அடங்காக் காதலாலும் பொறாமையாலும் சித்தம் கலங்கி, அவர் இறந்த பிறகும் சவப்பெட்டியோடு ஊர் ஊராக அலைந்த பைத்தியக்கார அரசியின் உண்மைக் கதை என்று அக்கட்டுரை அப்படத்தை அறிமுகப்படுத்தியிருக்கிறது. படம் அழகானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. உண்மைக் கதை என்று சொல்லும் இடத்தில்தான் மறுப்பு இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

நான் அரசு மகளிர் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள். ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பற்றிய பாடம் உண்டு. அதற்கு நான் கொடுத்த குறிப்பில், “இவருடைய தாய் ஹுவானா மனநிலை பிறழ்ந்தவராதலால் ஸ்பெயினின் ஆட்சி இவரை வந்தடைந்தது” என்ற ஒரு வரி இருந்தது. ஆண்டுதோறும் அந்த வரியைச் சொல்லி எழுத வைத்தேன். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “அவருக்குப் பைத்தியம் என்று யார் மேடம் முடிவு செய்தார்கள்?” என்று கேட்டாள். பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியது ஓய்வுக்குப் பிறகுதான். அந்த மாணவிக்கு நான் தர வேண்டியிருந்த விடையைத்தான் இக்கடிதத்தில் எழுதுகிறேன் என்று கொள்ளலாம்.

படத்தை இருமுறை பார்த்தேன். ஹுவானாவாக நடித்த பிலார் லோபெஸ் தே அயாலாவுக்கு ஸ்பெயினின் கோயா விருதும் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவின் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. இரண்டுக்கும் அவர் முழுத் தகுதி உடையவர். சிறையிருப்பில் முதுமையடைந்த அரசி, செத்து ஐம்பதாண்டு ஆகப்போகும் கணவரை இன்னும் உடம்பாலேயே நினைத்துப் பார்ப்பதாகப் படம் தொடங்குகிறது. பெண்ணின் ஆசையை இழிவாகக் காட்டாமல், அவருடைய சொந்த உரிமையாகக் காட்டும் துணிவு அராண்டாவிடம் இருக்கிறது. இதையெல்லாம் தங்கள் கட்டுரையாளர் சரியாகவே பாராட்டியிருக்கிறார்.

ஆனால் படத்தில் ஹுவானாவின் பொறாமைத் தீக்கு எண்ணெய் ஊற்றும் ஐஷா என்ற மூர் இனத்து அழகி வரலாற்றில் இல்லை. படத்துக்கு மூலம் மானுவேல் தமாயோ இ பாவுஸ் 1855-இல் எழுதிய ‘காதல் பித்து’ என்ற பொருள்படும் நாடகம். அந்த நாடகத்தில் அல்தாரா என்ற பெயரில் வந்த கற்பனைப் பாத்திரத்தின் வழித்தோன்றலே இந்த ஐஷா. 1948-இல் பிராங்கோ ஆட்சிக்காலத்தில் இதே நாடகத்தைக் கொண்டு எடுக்கப்பட்டுப் பெருவெற்றி பெற்ற படத்திலும் அவள் வந்தாள். ஆக, அரசி இறந்து 300 ஆண்டுகள் கழித்து மேடைக்காக உருவாக்கிய சக்களத்தி ஒருத்தியை மீண்டும் மீண்டும் திரையில் பார்த்துவிட்டு அதை வரலாறு என்று நம்புகிறோம்.

ஹுவானாவுக்குப் பொறாமையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. இருந்தது, கடுமையாகவே இருந்தது. 1504-இல், இன்றைய பெல்ஜியத்திலுள்ள பிளாண்டர்ஸின் அரண்மனையில் கணவரின் ஆசைநாயகி என்று தாம் ஐயுற்ற பெண்ணின் தலைமுடியை அவர் வெட்டினார் என்ற செய்தி அக்காலத்துப் பதிவுகளிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பொறாமைக்கு ஒரு சூழல் உண்டு. படம் அதை ஓரளவே காட்டுகிறது, கட்டுரையோ அறவே காட்டவில்லை.

1496 ஆகஸ்டில், பதினாறு வயதில், லாரேடோ துறைமுகத்திலிருந்து ஒரு பெரிய கப்பற்படையுடன் ஹுவானா புறப்பட்டார். மறுகரையில் அவரை வரவேற்க, பிளாண்டர்ஸை ஆண்ட மணமகன் பிலிப் வரவில்லை. அக்டோபரில் லியர் என்ற ஊரில் திருமணம் நடந்தது. அதன் பிறகு அவருடன் வந்த ஸ்பானியப் பணியாளர்கள் ஒவ்வொருவராக விலக்கப்பட்டு, அந்த இடங்களில் பிலிப்பின் ஆட்கள் அமர்த்தப்பட்டனர். மகளின் நிலையை அறிந்துவர, இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதியான காஸ்டில் நாட்டை ஆண்ட தாய் இசபெல்லா 1498-இல் ஒரு துறவியை அனுப்பினார். பிச்சையிடக்கூட இளவரசியின் கையில் காசு இல்லை என்று அத்துறவி எழுதி அனுப்பினார். மொழி தெரியாத ஊர், தன் சொல் கேட்க ஆளில்லாத வீடு, கையில் பணமில்லை, உறவென்று சொல்ல ஒரே ஒரு மனிதர், அந்த ஒருவரும் வேறு பெண்களைத் தேடிப் போகிறார். இந்நிலையில் அப்பெண் கத்தி ஆர்ப்பாட்டம் செய்ததற்கு நம் தமிழில் ஊடல், புலவி, துனி என்று படிப்படியாகப் பெயர்கள் இருக்கின்றன. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்குத் தலைவி வாயில் மறுப்பதை ஒரு திணையின் இயல்பாகவே வகுத்த மரபு நம்முடையது. எந்த உரையாசிரியரும் அத்தலைவியைப் பைத்தியம் என்று எழுதவில்லை.

திருமணமானபோது ஹுவானா அரியணைக்கு அருகில்கூட இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1497-இல் அண்ணன் ஹுவான் இறந்தார், 1498-இல் அக்காள் இசபெல் இறந்தார், அக்காளின் பச்சிளங்குழந்தை மிகேல் 1500-இல் இறந்தான். நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று சாவுகள் அவரைக் காஸ்டிலின் வாரிசாக்கின. அதுவரை அரண்மனைச் சண்டையாக இருந்தது, அன்றுமுதல் அரசியல் ஆயிற்று.

ஹுவானாவின் பித்துக்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது லா மோத்தா கோட்டை நிகழ்ச்சி. தங்கள் கட்டுரையும் அதைக் குறிப்பிடுகிறது. வாரிசாக உறுதிமொழி ஏற்க 1502-இல் கணவரோடு ஸ்பெயின் வந்த ஹுவானாவை, அவர் கருவுற்றிருந்த நிலையில் விட்டுவிட்டு, அவ்வாண்டு டிசம்பரிலேயே பிலிப் ஊர் திரும்பிவிட்டார். 1503 மார்ச்சில் குழந்தை பிறந்தது. பிளாண்டர்ஸில் இருக்கும் கணவரிடமும் அங்கே விட்டுவந்த மூன்று குழந்தைகளிடமும் போக வேண்டும் என்று ஹுவானா கேட்டுக்கொண்டே இருந்தார். பிரான்சுடன் போர் நடப்பதைக் காரணம் காட்டி அவரை மெதினா தெல் காம்போவிலுள்ள அக்கோட்டையில் வைத்திருந்தார்கள். நவம்பரில் ஒரு நாள் அவர் கிளம்பியே விட்டார். ஒரு பிஷப்பின் ஆணைப்படி வாயில் அடைக்கப்பட்டது. அதன் பிறகு அவர் உள்ளே போக மறுத்து, கொட்டும் குளிரில், திறந்தவெளியில், வாயில் தடுப்பருகே இரவு முழுவதும் நின்றார். அடுத்த நாட்களிலும் தம் அறைக்குத் திரும்பாமல் வாயிலை ஒட்டிய சமையற்கட்டிலேயே தங்கினார். நோயுற்றிருந்த தாய் செகோவியாவிலிருந்து நேரில் வந்து பேசிய பிறகுதான் உள்ளே சென்றார்.

இக்காட்சியைக் கேட்டவுடன் நமக்கு வெறிபிடித்த ஒரு மனைவி தெரிகிறார். அவ்விடத்தில் ஓர் ஆண்மகனை, சிறைப்பட்ட ஓர் இளவரசனை நிறுத்திப் பாருங்கள். அடைக்கப்பட்ட கோட்டை வாயிலில் இரவெல்லாம் நின்று, விடுவிக்கும்வரை உள்ளே வரமாட்டேன் என்று மறுத்தவனை என்ன சொல்லியிருப்போம்? உண்ணாமலும் உறங்காமலும் ஓரிடத்தில் உட்கார்ந்து தன் உரிமையைக் கேட்பதற்குப் போராட்டம் என்று பெயர் வைத்து, அதைப் போற்றத் தெரிந்த மக்கள் நாம். 1504-இல் அவரை அனுப்பி வைத்தார்கள் என்பதால், அந்தப் போராட்டம் பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இசபெல்லா இறந்தார். தம் உயிலில் மகளை அரசியாக்கிவிட்டு, அவர் நாட்டில் இல்லாவிட்டாலோ, ஆள விரும்பாவிட்டாலோ, ஆள இயலாவிட்டாலோ தந்தை பெர்டினாண்ட் ஆட்சிப் பொறுப்பை ஏற்கலாம் என்று எழுதி வைத்திருந்தார். பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்தக் கடைசி நிபந்தனையே கதவு திறந்துவிட்டது. அரசி ஆள இயலாதவர் என்று காட்டிவிட்டால் போதும், நாடு தந்தைக்கு. கணவர் தரப்புக்கும் அதே கணக்குதான். ஹுவானாவின் பணப் பொறுப்பைக் கவனித்த மார்ட்டின் தே மோஹிகா என்பவர் அவருடைய கோபங்களையும் சண்டைகளையும் நாள்வாரியாக எழுதி வைத்தார். பிலிப்பின் அரண்மனையில் எழுதப்பட்ட அந்த நாட்குறிப்பு ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தது. 1505-இன் தொடக்கத்தில் தோரோ நகரில் கூடிய கோர்ட்டெஸ் என்ற பிரதிநிதிகள் மன்றத்தில் பெர்டினாண்ட் அதைச் சான்றாக வைத்தார். ஆட்சிப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. ஒரு மனைவியின் படுக்கையறைச் சண்டை அரசு ஆவணமான நாள் அது. அராண்டாவின் படம் அந்த நாட்குறிப்பின் கண்ணாலேயே ஹுவானாவைப் பார்க்கிறது என்பதுதான் என் முதன்மையான மனக்குறை.

இதற்கு ஹுவானாவின் பெயரில் ஒரு பதில் இருக்கிறது. 1505 மே மாதம் பிரசல்ஸிலிருந்து எழுதப்பட்டு அவருடைய கையொப்பத்துடன் உள்ள கடிதம் அது. தாம் உணர்ச்சிவசப்பட்டு நடந்திருந்தால் அதற்குக் காரணம் பொறாமை என்றும், அந்த உணர்ச்சி தமக்கு மட்டும் உரியதன்று, மறைந்த தம் தாயாருக்கும் அது இருந்தது என்றும், காலம் தாயாரைக் குணப்படுத்தியதுபோல் தம்மையும் குணப்படுத்தும் என்று நம்புவதாகவும் அதில் கூறியிருக்கிறார். பிலிப்பின் ஆட்களே இதை எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்கலாம் என்று ஐயுறும் ஆய்வாளர்கள் உண்டு. யார் வாசகம் அமைத்திருந்தாலும் அதிலுள்ள செய்தி உண்மை. பெர்டினாண்டின் பிற தொடர்புகளைக் கண்டு இசபெல்லாவும் பொறாமைப்பட்டவர்தான். அவரை வரலாறு கத்தோலிக்க அரசி என்று அழைக்கிறது. கையில் அதிகாரம் இருந்த தாயின் பொறாமை குடும்பச் செய்தியாக நின்றுவிட்டது, அதிகாரத்தைப் பிறரிடம் இழந்த மகளின் பொறாமை நோயாயிற்று.

1506 ஏப்ரலில் பிலிப்பும் ஹுவானாவும் ஸ்பெயின் வந்திறங்கினர். ஜூன் 27-ஆம் நாள் வில்லாஃபாஃபிலாவில் மாமனாரும் மருமகனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அரசி ஆட்சியில் ஈடுபட விரும்பவில்லை, அப்படி அவர் ஈடுபட்டால் அவருடைய நோயாலும் உணர்ச்சிவேகத்தாலும் நாடே அழிந்துவிடும் என்பது அதன் சாரம். அதுவரை ஒருவரையொருவர் கண்டால் ஆகாத இரண்டு ஆண்கள் ஒத்துப்போன ஒரே செய்தி இது. நாட்டின் அரசியை அங்கே யாரும் அழைக்கவில்லை. அதே நாளில் பெர்டினாண்ட், தம்மை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், தம் மகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று மற்றொரு தாளில் இரகசியமாக எழுதி வைத்துக்கொண்டார். ஒரே மகள் ஒரே நாளில் தந்தைக்கு ஒரு தாளில் பைத்தியம், மறுதாளில் கைதி.

இதன் பின் நடந்ததைப் பள்ளி நூல்கள் சொல்வதில்லை. மனைவியை அடைத்து வைக்கப் பிலிப் ஒப்புதல் கேட்டபோது, காஸ்டிலின் அட்மிரல் ஃபத்ரிக்கே என்ரிக்கெஸ், அரசியை நேரில் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்றார். முசியென்தெஸ் என்ற ஊரில் இருண்ட அறையில் கருப்புடையுடன் அமர்ந்திருந்த ஹுவானாவிடம் அவர் மணிக்கணக்கில் பேசினார். பிறழ்வான பதில் ஒன்றுகூட அவரிடமிருந்து வரவில்லை என்று வெளியே வந்து சொன்னார். ஜூலையில் வல்லதோலிதில் கூடிய மன்றம் ஹுவானாவையே உரிமையுள்ள அரசியாக ஏற்று உறுதிமொழி எடுத்தது. அவரை நேரில் கண்டு பேசியவர்களின் தீர்ப்பு அது.

செப்டம்பர் 25-ஆம் நாள் புர்கோஸில் பிலிப் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு வயது 28. ஹுவானா ஆறாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

இப்போது சவப்பெட்டிக்கு வருகிறேன். தங்கள் இணைப்பில் கட்டுரையோடு அச்சிட்டிருந்த ஓவியம் பிரான்சிஸ்கோ பிராதியா 1877-இல் வரைந்தது. மாத்ரிதின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 5 மீட்டர். மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும் வெட்டவெளி. காற்று ஒருபக்கமாக அடித்து மெழுகுவத்திச் சுடரையும் விறகுப் புகையையும் சாய்க்கிறது. சகதியில் வண்டித் தடங்கள். சுற்றி உட்கார்ந்திருக்கும் தோழிகளின் முகங்களில் துக்கத்தைவிடச் சலிப்பே மிகுதி. நடுவில், நிறைமாத வயிற்றோடு, கருப்பு உடையில், அரசி நின்றபடி பெட்டியையே பார்க்கிறார். இடக்கையில் இரண்டு மோதிரங்கள், ஒன்று தமது, மற்றது இறந்தவருடையது. இத்தனை நுணுக்கமாக வரைந்ததை உலகம் நம்பியதில் வியப்பில்லை. வழியில் ஒரு மடத்தில் தங்க நேர்ந்தபோது, அது கன்னியர் மடம் என்று தெரிந்ததும், பிற பெண்களின் நிழலும் கணவரின் பிணத்தின்மேல் படக்கூடாது என்று பெட்டியை வெளியே எடுத்துவரச் சொன்னார் என்ற செய்தியைத்தான் ஓவியர் வரைந்திருக்கிறார். பிணத்தின்மீதும் பொறாமை என்ற இக்கதையே ‘காதல் பித்து’ என்ற பெயருக்கு முத்திரை குத்தியது.

அப்பயணத்துக்குச் சில நாட்கள் முன்னர், 1506 டிசம்பர் 18-ஆம் நாள், இதே ஹுவானா ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாயார் இறந்த பிறகு வழங்கப்பட்ட மானியங்கள் அனைத்தும் செல்லாது என்பதே அந்த ஆணை. பிலிப் தம் ஆதரவாளர்களுக்கு வாரிக்கொடுத்த அரசுச் சொத்துகளை ஒரே கையெழுத்தில் திரும்பப் பெறும் ஆணை அது. கணவரை இழந்து மூன்று மாதம்கூட ஆகாத, பேறுகாலம் நெருங்கிய ஒரு பெண், கணவர் செய்த வேலையையே கலைக்கிறார். அவருடைய காதல் அரசாட்சியின் கண்ணை மறைக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பித்தென்று சொல்பவர்கள் முதலில் விளக்க வேண்டியது இந்த ஆணையைத்தான். படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது இதற்காகவே காத்திருந்தேன்.

பெட்டியை அவர் எடுத்துச் சென்றதற்கும் காரணங்கள் இருந்தன. கிரனாடாவில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது பிலிப்பின் விருப்பம். அங்கேதான் இசபெல்லாவின் கல்லறையும் இருக்கிறது. கணவரின் இதயத்தை முன்பே பிளாண்டர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். உடலையும் கொண்டுபோய்விடுவார்களோ என்ற அச்சத்தில் பெட்டியைத் திறந்து பார்த்ததில் புதிர் ஒன்றுமில்லை. புர்கோஸில் கொள்ளைநோய் பரவியிருந்தது. கணவரின் உடலோடு செல்லும் கைம்பெண்ணை யாரும் மறுமணத்துக்கு வற்புறுத்த முடியாது, இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றியே அவரை மணக்க விரும்பினார் என்பதையும் பெத்தானி அராம் போன்ற இக்கால ஆய்வாளர்கள் நினைவூட்டுகிறார்கள். எந்த ஒன்றை எடுத்தாலும், அலைந்து திரிந்தார் என்ற சொல் பொருந்தாது. தோர்க்கேமாதாவில் 1507 ஜனவரி 14-ஆம் நாள் மகள் கத்தலினா பிறந்தாள். பேறுகாலத்துக்காகவும் கொள்ளைநோய்க்காகவும் பயணம் நின்று நின்று போயிற்று.

அவ்வாண்டு கோடையில் நேப்பிள்ஸிலிருந்து திரும்பிய தந்தை ஆட்சியை எடுத்துக்கொண்டார். 1509-இல் ஹுவானாவைத் தோர்தேசியாஸ் அரண்மனையில் அடைத்தார். 1555 ஏப்ரல் 12-ஆம் நாள், தம் 75-ஆம் வயதில் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் அவர் அங்கேயே இருந்தார். கணவரோடு வாழ்ந்தது பத்தாண்டுகள்கூட நிறையவில்லை. இதில் எதை ஒருவரின் வாழ்க்கை என்று சொல்வது? அராண்டாவின் படம் அந்தப் பத்தாண்டை எடுத்துக்கொண்டு 46 ஆண்டுகளைப் படத்தின் ஓரத்தில் வைக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

தோர்தேசியாஸில் நடந்தவை திரைக்கு வராதது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். கத்தலினா தாயின் அறைக்குள் இருந்த உள்ளறையில் வளர்ந்தாள். 1518-இல் அண்ணன் சார்லஸ், தாய்க்குத் தெரியாமல் சுவரில் ஓட்டை போட்டு இரவில் அக்குழந்தையை எடுத்துச் செல்லச் செய்தார். விடிந்து பார்த்த ஹுவானா உணவைத் தொட மறுத்துவிட்டார். சில நாட்களில் குழந்தையைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அவள் மணம்முடித்துப் போர்த்துகல் சென்ற 1525 வரை தாயோடுதான் இருந்தாள். காவல் பொறுப்பிலிருந்த டெனியா பிரபு அரசியிடம் திட்டமிட்டுப் பொய் சொன்னார். பெர்டினாண்ட் 1516 ஜனவரியில் இறந்ததை மகளுக்குச் சொல்லவில்லை. தந்தை உயிரோடிருப்பதாகவே ஆண்டுக்கணக்கில் நம்ப வைத்தார்கள். 1519-இல் இறந்த மாமனார் மாக்சிமிலியனுக்குக் கடிதம் எழுதுமாறும் சொன்னார்கள். இறந்தவர்களை உயிரோடிருப்பவர்களாக நினைத்துப் பேசும் ஒரு முதிய பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் அவர் சித்தம் கலங்கியவர் என்றுதான் தோன்றும். அந்தக் கலக்கத்தைக் கையால் செய்து அவருக்கு ஊட்டியவர்கள் காவலர்கள்.

1520-இல் சார்லஸுக்கு எதிராகக் காஸ்டில் நகரங்கள் கிளர்ந்தெழுந்தபோது, கிளர்ச்சியாளர்கள் தோர்தேசியாஸுக்கு வந்து டெனியாவை வெளியேற்றி அரசியைச் சந்தித்தார்கள். தந்தையின் மறைவைத் தம்மிடம் மறைத்துவிட்டார்களே என்று அவர்களிடம் அவர் வருந்தினார். அவர் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் மகனின் அரியணை ஆடியிருக்கும், அவருக்கும் விடுதலை கிடைத்திருக்கும். வாரக்கணக்கில் வற்புறுத்தியும் அவர் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பரில் மகனின் படை ஊரைப் பிடித்தது. டெனியா திரும்பி வந்தார், கதவும் மூடிக்கொண்டது.

அவர் முழு நலத்துடன் இருந்தார் என்று நான் சாதிக்கவில்லை. நாட்கணக்கில் உண்ணாமலும் குளிக்காமலும் உறங்காமலும் இருந்திருக்கிறார். தாய்வழிப் பாட்டியும் அரேவலோவில் நீண்ட காலம் மனச்சோர்வில் வாழ்ந்தவர். ஐந்நூறு ஆண்டுக்கு அப்பாலிருந்து நாடி பிடித்துப் பார்த்து இன்ன நோய் என்று சொல்ல எவராலும் ஆகாது. ஒருவேளை நோய் இருந்திருந்தால், நோயாளிக்கு உரிய பரிவாவது கிடைத்திருக்க வேண்டும். அது அவருக்கு அன்றும் கிடைக்கவில்லை, ஐந்நூறு ஆண்டு கழித்துத் தங்கள் பக்கத்திலும் கிடைக்கவில்லை.

சட்டப்படி அவர் கடைசிவரை அரசியாகவே இருந்தார். ஆவணங்களில் மகனின் பெயருக்கு முன் அவர் பெயர் வந்தது. மெக்சிகோவில் தொடங்கிய அக்கசாலை 1536 முதல் அடித்த வெள்ளிக் காசுகளில் சார்லஸ், ஹுவானா என்று இருவர் பெயரும் பொறிக்கப்பட்டன. கடல் கடந்த ஒரு கண்டத்துச் சந்தையில் அவர் பெயர் கைமாறிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெயருக்குரியவர் வெளிக்காற்றுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் ஒரு திரைப்பட அறிமுகத்தில் எழுத முடியாது என்பதை அறிவேன். கட்டுரையாளர் மீது எனக்குக் கோபமில்லை. முப்பதாண்டு அதே வரியைச் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த உரிமையும் இல்லை. ஆனால் கட்டுரையை மறுபடி படித்தபோது ஒன்று கண்ணில் உறுத்தியது. அதில் பிலிப் ‘வந்தார்’, ‘சென்றார்’, ‘இறந்தார்’. பெர்டினாண்டும் சார்லஸும் ‘அவர்’. ஹுவானா மட்டும் ‘கத்தினாள்’, ‘துடித்தாள்’, ‘அலைந்தாள்’. நால்வரில் முறையாக முடிசூடும் உரிமை பெற்றுக் காஸ்டிலுக்கு அரசியாக இருந்தவர் அவர் ஒருவரே. இசபெல்லா இறந்த பிறகு மற்ற மூவரும் அவர் வழியாகவோ, அவர் பெயரைச் சொல்லியோதான் அங்கே ஆண்டார்கள். நம் மொழியின் விகுதி அவரை அரியணையிலிருந்து மறுபடி இறக்கி வைத்துவிட்டது.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இக்கடிதத்தை முழுமையாக வெளியிட இடமில்லை என்றால், 1506 டிசம்பர் ஆணையைப் பற்றிய பகுதியையாவது வெளியிடுங்கள். அடுத்து, அக்கட்டுரை தங்கள் ஆண்டு மலரிலோ தொகுப்பு நூலிலோ மீண்டும் இடம்பெறுமானால், படத்தின் பெயர் படத்தின் பெயராகவே இருக்கட்டும். அரசியைக் குறிக்கும் இடங்களில் ‘பைத்தியக்கார அரசி’ என்பதை நீக்கிவிட்டு, ‘காஸ்டில் அரசி ஹுவானா’ என்றும் ‘அவர்’ என்றும் திருத்தி அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியை,
திருநெல்வேலி.